பொறுத்தார் லேப்டாப் வாங்குவார்?

ஜூன் மாதம் பிறந்தால் போதும்... கல்லூரியில் சேரப்போகும் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்துவிடும். வாதி, பிள்ளை. பிரதிவாதி, அப்பா. நீதிபதி ஸ்தானத்தில், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா. தீர்ப்பு போனில்தான் வரும்!

‘‘சீட்டுக்குக் கட்டியாச்சு, ஹாஸ்டலுக்குக் கட்டியாச்சு. லேப்டாப்பை அடுத்த செமஸ்டருக்குப் பார்த்துக்கலாமேடா...’’

‘‘எல்லாரும் வெச்சிருப்பாங்கப்பா!’’

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: ‘‘அண்ணே, இப்ப வாங்காதீங்க. ரெண்டே மாசத்துல புது மாடல் வருது. கொஞ்சம் பொறுங்க.’’

வழக்கு ஒத்திவைப்பு. ரெண்டு மாதம் கழித்துப் புது மாடல் வரும். அப்போது சித்தப்பாவைக் கேட்டால், அதைவிடப் புதுசு தீபாவளிக்கு வருவதாகச் சொல்வார்!

சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே இந்த ‘கொஞ்சம் பொறுங்க’, ஒரு காலத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனியையே கவிழ்த்ததாகச் சொல்வார்கள். அந்தக் கம்பெனியின் முதலாளி, சின்ன வயசில் திருவண்ணாமலையில் சரளமாகத் தமிழ் பேசித் திரிந்தவர் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். அவர் பெயர் ஆடம் ஆஸ்பார்ன்.

அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ஆங்கிலேயர். அம்மா லூசியா போலந்துக்காரர். ஆர்தர் பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தபோது, 1939-ல் ஆடம் அங்கே பிறந்தார். இருவருக்கும் ரமண மகரிஷி மேல் ஈடுபாடு. 1941-ல் குடும்பத்தைத் திருவண்ணாமலைக்கு அழைத்து வந்து குடிவைத்துவிட்டு, ஆர்தர் மட்டும் வேலைக்குத் திரும்பிப் போனார். போன கொஞ்ச நாளில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் புகுந்தது. ஆர்தர் சிறை முகாமில்! யுத்தம் முடிகிற வரை அம்மாவும் மூன்று குழந்தைகளும் அருணாசல மலையடிவாரத்தில் காத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து ஆர்தர் திரும்பி வந்தார். ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி, உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமான ஆர்தர் ஆஸ்பார்ன் இவர்தான். ஆசிரமத்தில் புத்தகங்கள் விற்கும் இடத்தில் இந்தப் பெயரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

பையன் ஆடம், கொடைக்கானலில் கான்வென்ட்டில் படித்தான். 11 வயதில் இங்கிலாந்து. பிறகு அமெரிக்கா போய், கெமிக்கல் என்ஜினீயரிங்கில் டாக்டர் பட்டம். எண்ணெய் கம்பெனி ஒன்றில் வேலை. அது ஒத்துவரவில்லை. எழுபதுகளில் கம்ப்யூட்டர் சிப்புகள் கைக்கெட்டும் விலைக்கு வந்தபோது, அவற்றைப் பற்றிச் சாதாரண ஆசாமிக்கும் புரிகிற மாதிரிப் புத்தகங்கள் எழுத ஆரம்பித்தார். பதிப்பாளர் கிடைக்காமல் தானே அச்சடித்தார், பிய்த்துக்கொண்டு போயிற்று! 1979-ல் அந்தப் பதிப்பகத்தைப் பெரிய கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிக்கொண்டது.

கையில் காசு. மனதில் ஒரு யோசனை.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது, அடுப்பு, சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றையும் நாலு கடையில் வாங்கி, பிறகு பாத்திரத்துக்கு அலைவது மாதிரி! பெட்டி ஒரு விலை, திரை ஒரு விலை, சாஃப்ட்வேர் தனி விலை. ஆஸ்பார்ன் என்ன செய்தார்? திரை, கீபோர்டு, இரண்டு ஃபிளாப்பி டிரைவ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, கைப்பிடி போட்டார். லீ ஃபெல்சன்ஸ்டீன் என்கிற கெட்டிக்கார என்ஜினீயர் வடிவமைத்துக் கொடுத்தார். கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க் என்று தனியாக வாங்கினால் கிட்டத்தட்ட 1,500 டாலர் ஆகக்கூடிய சாஃப்ட்வேர்களையும் உள்ளே வைத்தார். மொத்தமாக விலை, 1,795 டாலர்!

1981 ஏப்ரல், சான் ஃபிரான்சிஸ்கோ கம்ப்யூட்டர் கண்காட்சியில் ‘ஆஸ்பார்ன் 1’ அறிமுகமானபோது கூட்டம் மொய்த்தது. வியாபார ரீதியாக ஜெயித்த முதல் ‘தூக்கிக்கொண்டு போகும் கம்ப்யூட்டர்’ அதுதான்.

தூக்கிக்கொண்டு என்றால்... எடை சுமார் 11 கிலோ! 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் கிட்டத்தட்ட பாதி. மடியில் வைத்தால் தொடை மரத்துவிடும். உள்ளே பேட்டரி கிடையாது. திரை 5 அங்குலம்தான். இன்றைய செல்போன்களே அதைவிடப் பெரிசு. ஒரு வரியில் 52 எழுத்து மட்டுமே தெரியும், மிச்சத்தைப் பார்க்க இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பார்ன் அசரவில்லை. ஒருவருடைய வேலை நடப்பதற்குப் போதுமானது இருந்தால் போதும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் தண்டம் என்பது அவருடைய சித்தாந்தம். (பெருமைக்கென்றே வாங்கும் நம் காலத்துக்கு இதைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.)

மொத்தமே 10,000 பெட்டி விற்கும் என்று திட்டம் போட்டுத்தான் கம்பெனி ஆரம்பித்தார்கள். உச்சத்தில், ஒரே மாதத்தில் 10,000 பெட்டிகள் போயின!

அப்புறம்தான் வினை.

1982-ல் ‘கேப்ரோ’ என்ற போட்டிக் கம்பெனி 9 அங்குலத் திரையோடு, 200 டாலர் குறைவான விலையில் வந்தது. அடுத்து ‘காம்பாக்’ வந்தது. ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கான சாஃப்ட்வேர்களை அப்படியே ஓட்டும் பெட்டி அது. ஆஸ்பார்னும் பதிலுக்குப் பெரிய திரை வைத்த ‘எக்ஸிக்யூட்டிவ்’ மாடலைத் தயார் செய்தார். செய்தவர் சும்மா இருக்கக்கூடாதா? 1983-ல், சரக்கு கடைக்கு வருவதற்கு முன்பே, புது மாடலின் பெருமை வெளியே பரவிவிட்டது.

கடைக்காரர்கள் கையில் பழைய மாடல். வாடிக்கையாளர்கள் வாயில் ஒரே வாசகம்... அதேதான்! ‘புதுசு வருதாமே, கொஞ்சம் பொறுத்து வாங்கிக்கறோம்.’ ஆர்டர்கள் ரத்தாயின. பழையது விற்காததால் பணம் வரவில்லை. பணம் வராததால் புதியதை வேண்டிய வேகத்தில் தயாரிக்க முடியவில்லை. 1983 செப்டம்பர் 13-ம் தேதி கம்பெனி மஞ்சள் கடிதாசி கொடுத்தது. தொடங்கி மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை!

அன்றிலிருந்து, வரப்போகும் சரக்கைப் பற்றி வாயை விட்டு, இருக்கிற சரக்கைக் கெடுத்துக்கொள்வதற்கு வியாபார உலகில் ‘ஆஸ்பார்ன் விளைவு’ என்றே பெயர். ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு மட்டுமே கம்பெனியைக் கொன்றது என்பதைப் பலர் ஏற்பதில்லை. போட்டியும், உள்ளே நடந்த நிர்வாகக் கோளாறுகளும் ஏற்கெனவே அரித்துவிட்டிருந்தன என்பார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும், கடை வாசல்வரை வந்து திரும்பிப் போன வாடிக்கையாளர்களையும் பொய் என்று சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். ஆஸ்பார்ன் திவாலான அதே 1983-ன் இலையுதிர் காலம். அமெரிக்காவின் இன்னொரு கோடியில், ஃபிலடெல்ஃபியா நகரத்தின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் புது மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிபந்தனை... முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தமாகப் புழங்க ஒரு கம்ப்யூட்டர் இருந்தாக வேண்டும்! கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு மட்டுமில்லை, வணிகம் படிப்பவருக்கும் கலைப் படிப்புக்காரருக்கும்தான்.

எந்தக் கம்ப்யூட்டர்? அதுதான் ரகசியம்! பல்கலைக்கழகக் குழு தேர்ந்தெடுத்திருந்தது, ஆப்பிள் கம்பெனி அப்போது வெளியிட்டே இருக்காத ஒரு மெஷினை. வாயைத் திறக்கக்கூடாது என்பது ஆப்பிளின் கட்டளை. மாணவர்களோ இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு பொருளுக்காகக் காத்திருந்தார்கள். முதல் பருவம் முடிந்தது, பெட்டி வரவில்லை. 1984 ஜனவரி 24-ம் தேதி ஆப்பிள் திரையை விலக்கியது. ‘மெக்கின்டாஷ்’! மார்ச் மாதம் மாணவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கடையில் 2,495 டாலர் விற்றதை அவர்களுக்குச் சுமார் 1,000 டாலருக்குக் கொடுத்தார்கள். ஒருத்தர் வாயை விட்டுக் கெட்டார். இன்னொருத்தர் வாயை மூடி வாழ்ந்தார்.

சந்தோஷம் எத்தனை நாளைக்கு? அந்த மெஷினில் மெமரி 128 கிலோபைட். அதே வருஷம் செப்டம்பரில், ஆறே மாதத்தில், 512 கிலோபைட்டோடு அடுத்த மெக்கின்டாஷ் வந்துவிட்டது! நாலு மடங்கு! முதலில் வாங்கியவர்கள் வயிறு எரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் கட்டுரைகளை அதில்தான் அடித்தார்கள், பாடங்களை அதில்தான் போட்டுப் பார்த்தார்கள். படிப்பு நடந்தது.

லேப்டாப்பின் முறை பத்து வருடம் கழித்து வந்தது. 1993-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூக்ஸ்டன் வளாகம் முழுநேர மாணவர் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்தது. 1996-ல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம், சேர்ந்த மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஐ.பி.எம். திங்க்பேட் கொடுத்தது. இனாமில்லை... படிப்புக் கட்டணத்தை ஏற்றித்தான்! கவனிக்க வேண்டியது வேறு. நாலு வருஷப் படிப்பு. முதலாண்டில் ஒன்று, மூன்றாம் ஆண்டில் அதை வாங்கிக்கொண்டு புதிது ஒன்று, பட்டம் வாங்கிப் போகும்போது அது மாணவருக்கே சொந்தம். அதாவது, அன்றைய லேப்டாப்புக்கு நாலு வருஷ ஆயுள் கிடையாது என்று கல்லூரியே கணக்குப் போட்டிருந்தது.

பொறுப்பவர்களைப் பார்த்துக் கம்பெனிகளுக்கு இருக்கும் பயம் இருக்கிறதே, அது ஆஸ்பார்னோடு போகவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் ‘விஸ்டா’ கதை தெரியுமா? 2006 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய சாஃப்ட்வேர், 2007 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. கிறிஸ்துமஸ் வியாபாரம் படுத்துவிடுமே! அதனால், கடைகளில் இருந்த கம்ப்யூட்டர்களில் ‘விஸ்டாவுக்குத் தகுதியானது’ என்ற அர்த்தத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ‘பொறுக்க வேண்டாம், தைரியமா வாங்குங்க’ என்று பொருள். வாங்கினார்கள். விஸ்டா வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய பல மெஷின்களில் அதன் அலங்காரமெல்லாம் ஓடவில்லை, எலும்புக்கூடுதான் ஓடியது. வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் கம்பெனியின் உள்விவகார மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அதில் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் துணைத் தலைவர் ஒருவரே எழுதியது. ஸ்டிக்கரை நம்பி வாங்கிய தன் 2,100 டாலர் லேப்டாப், மின்னஞ்சல் பார்க்க மட்டும் லாயக்காக இருப்பதாகப் புலம்பியிருந்தார்!

பொறுத்தவர்கள் பாட்டைத்தான் 2020-ல் பார்த்தோமே. மார்ச்சில் கல்லூரிகள் மூடின. பாடமெல்லாம் ஆன்லைன். ‘அடுத்த செமஸ்டர் வாங்கலாம்’ என்றிருந்த வீடுகள் கடைக்கு ஓடின. உலகம் பூராவும் லேப்டாப்புக்குத் தட்டுப்பாடு. அப்பாவின் செல்போனில், உள்ளங்கை அகலத் திரையில், சர்க்யூட் படம் பார்த்துப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! விலையாவது இறங்கும் என்று பொறுத்தால், அதற்கும் உத்தரவாதமில்லை. 2025 கடைசியில் மெமரி சிப்புகளின் விலை கிடுகிடுவென்று ஏறியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அரசாங்கமே பதில் சொல்லியிருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி ஜெயலலிதா அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், ‘எப்போது?’ என்பதற்கு விடை பிளஸ் டூ. ‘எது?’ என்பதற்கு விடை, அரசு டெண்டரில் வந்தது! அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வீட்டின் முதல் கம்ப்யூட்டரே அதுதான். மாடல் பார்க்கவில்லை, சித்தப்பாவைக் கேட்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனார்கள். கொரோனா காலத்தோடு அது நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தரப்படும் என்று அறிவித்தார்கள். ‘எது?’ என்பதை மாணவர் விருப்பத்துக்கே விடுவதாக அந்த அறிவிப்பில் சொன்னது நல்ல சங்கதி.

சரி, உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். பொறுப்பதில் இரண்டு தினுசு உண்டு. புது மாடலுக்காகப் பொறுப்பது ஒன்று. அதற்கு முடிவே கிடையாது. நமக்கு என்ன வேண்டும் என்று தெரிகிறவரை பொறுப்பது இன்னொன்று. இதற்கு ஒரு மாதம் போதும். ட்ரெக்ஸல் குழு பெட்டியைத் தேடும் முன் பாடத்தை யோசித்தது. நீங்களும் அட்மிஷன் அன்றைக்கே கடைக்குப் போகாமல், வகுப்பு தொடங்கட்டும் என்று விடலாம். அதே டிபார்ட்மென்ட் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரிடம், எந்த சாஃப்ட்வேர் ஓட்டுகிறார்கள், எது முழி பிதுங்குகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்சர் சேர்ந்த பெண்ணுக்கு ஆசை ஆசையாக ஆப்பிள் லேப்டாப் வாங்கிக் கொடுப்பார்கள். அவள் ஓட்டவேண்டிய ‘ரெவிட்’ விண்டோஸுக்காக மட்டுமே செய்தது! மெக்கானிக்கல்காரர்களின் ‘சாலிட்வொர்க்ஸ்’ கதையும் அதேதான். பி.காம். பையனுக்கோ, விளையாட்டுக்கென்று செய்த மூன்று கிலோ லேப்டாப் முதுகுச் சுமை. அண்ணன் பயன்படுத்திய பழசு இருக்கிறதே என்றால், தாராளமாக! ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. அந்தப் பழசில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துவிடுங்கள். ஏறாவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. எழுத, படிக்க, புரோகிராம் போட அது தாங்கும்.

தெரிந்த பிறகும் ‘தீபாவளிக்குப் பார்க்கலாம்’ என்று இழுத்தால்தான் சிக்கல். பாடம் தீபாவளிக்காக நிற்காது.

ஆஸ்பார்னைப் பாதியில் விட்டுவிட்டோமே! கம்பெனி போன பிறகும் அவர் ஓயவில்லை. 1984-ல் மலிவு விலை சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று தொடங்கினார். ‘லோட்டஸ்’ கம்பெனி காப்பியடித்ததாக வழக்குப் போட, 1990-ல் தீர்ப்பு எதிராக வந்தது. அடுத்து உடம்பு படுத்தியது. மூளையைப் பாதிக்கும் நோய். 1992-ல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி, தான் பள்ளிக்கூடம் போன அதே கொடைக்கானலுக்குச் சகோதரி வீட்டோடு வந்துவிட்டார். பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். 2003 மார்ச் 18-ம் தேதி, தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 64.

அடுத்த இரண்டாவது மாதத்துக்கான, அதாவது மே 2003-க்கான, அமெரிக்கச் சில்லறைக் கடைகளின் விற்பனைக் கணக்கு பிறகு வந்தது. அந்த மாதம், விற்ற தொகையில் மேஜைக் கம்ப்யூட்டரை லேப்டாப் முதல் தடவையாக முந்தியிருந்தது.